பஞ்சக்காவும் பெருக்கி வைத்த மைதானமும்

என் மனைவி கவுன்சிலர் ஆனது எனக்குப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது நான் அவளைப் புகழ்வது போலத் தெரிந்தால், அது என்னையும் மீறி வந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் பஸ் டிப்போவில் மெக்கானிக். பகல் முழுக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்து தட்டில் கை வைக்கும்போது, எதிரில் உட்கார்ந்திருப்பவள் போனில் சாக்கடை அடைப்பைப் பற்றி விலாவாரியாகப் பேசினால் எந்த மனுஷனுக்குச் சோறு இறங்கும்? ஐந்து வருஷம் இப்படித்தான் சாப்பிட்டேன்.

ஊரில் அவளுக்குப் பஞ்சக்கா என்று பெயர். மில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சின்ன ஆஸ்பத்திரியை இப்போது ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. அங்கே காயத்துக்குக் கட்டுப் போடுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பஞ்சும் கையுமாக இருப்பதால் அந்தப் பெயர். கட்டுப் போடும்போது அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எப்படி அடிபட்டது, எங்கே அடிபட்டது என்று கேட்டு வாங்காமல் விடமாட்டாள். கேட்டதை அப்படியே நோட்டில் எழுதுவாள். டாக்டர்கூடச் சலித்துக்கொள்வார்.

"காயம் என்னன்னு எழுதினா போதும்மா. கதை எதுக்கு?"

"கதை தெரியாம கட்டி அனுப்பினா அதே ஆளு அடுத்த வாரமும் வந்து நிப்பான் டாக்டர்."

மில் மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் எங்கள் ஊரில் மனுஷன் பொழுதைப் போக்க என்ன இருந்தது என்று கேட்டால், ஒரு மண்ணும் இல்லை. தியேட்டர் சிமெண்ட் கோடவுன் ஆகிவிட்டது. நூலகம் வாரத்தில் மூன்று நாள் திறக்கும். உள்ளே போனால் முந்தாநாள் பேப்பர் இருக்கும். பூங்கா என்று ஒரு பலகை இருக்கிறது, கேட்டும் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று நகராட்சிக்கே தெரியாது. சாயங்காலம் ஆனால் வேலைவெட்டி இல்லாத பையன்கள் மில் மதில் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எட்டு மணிக்கு மேல் அதில் நாலு பேராவது மண்டை உடைந்து ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். 'குடித்துவிட்டு அடித்துக்கொண்டது' என்று எழுதி எழுதியே அவள் கை தேய்ந்தது.

எங்கள் மகன் படிப்பை முடித்ததும் வெளியூர் கிளம்பினான். இங்கேயே டிப்போவில் சேர்த்துவிடுகிறேன் என்று நான் சொன்னேன். அவன் அம்மாவைப் பார்த்து, "வேலை கிடைக்கும்மா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல இந்த ஊர்ல நான் என்ன பண்றது?" என்று கேட்டான். அவன் போன ஆறாவது மாசம் தேர்தல் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மனு தாக்கல் செய்துவிட்டு வந்து நின்றாள். அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தும் தொலைத்தாள்.

மில்லுக்குப் பின்னால் ஆறு ஏக்கரில் நகராட்சிக்குச் சொந்தமான ஒரு வெட்டவெளி கிடந்தது. மைதானம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். பாதி முள், மீதி கல்லும் பள்ளமும். ஆனாலும் காலையில் பெண்கள் அங்கேதான் நடப்பார்கள், சாயங்காலம் பையன்கள் பந்து உதைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் டிப்போ ஆட்களும் இறங்குவோம், நான் உட்பட. அவள் கேட்டது பெரிய ஸ்டேடியம் இல்லை. தரையைச் சமன்படுத்த வேண்டும். தண்ணீர்க் குழாய், கழிப்பறை, ஆறு விளக்கு, உட்கார நாலு பெஞ்சு வேண்டும். அவ்வளவுதான்.

மூன்று வருஷம் ஒரு கூட்டம் விடாமல் இதையே கேட்டாள். கடைசியில் அவள் எழுந்து நின்றாலே மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள். "அக்கா மைதானத்தை எடுத்துட்டாங்கப்பா, வாங்க டீ குடிச்சிட்டு வருவோம்." அவள் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசி முடித்து, குறிப்பு எழுதும் கிளார்க்கிடம், "எழுதிக்கிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவாளாம். வீட்டுக்கு வந்து இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாலாவது வருஷம் விஷயம் முற்றியது. ஐந்தாவது வார்டு கவுன்சிலர் சிமெண்ட் வியாபாரி. பழைய தியேட்டரில் இருப்பது அவருடைய கோடவுன்தான். அது போதவில்லையோ என்னவோ, மைதானம் சும்மா கிடக்கிறது, அதைக் கிடங்கு கட்ட முப்பது வருஷக் குத்தகைக்கு விடலாம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். என் மனைவி சண்டைக்கு நின்றாள். கமிஷனர் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து ரிப்போர்ட் கொடுப்பார் என்றார். ஜனங்கள் பயன்படுத்துகிற இடம் என்று அவர் எழுதினால் பணம் ஒதுக்கிச் சீர்செய்வார்கள். இல்லை என்று எழுதினால் கிடங்குதான். ஒரே ஓர் ஆய்வில் எல்லாம் அடங்கிவிட்டது.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அதிகாரி வருகிறார் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சுத்தம் பண்ணுவது. டிப்போவுக்கு யாராவது வந்தால் ஓடாத பஸ்ஸையெல்லாம் ஷெட்டுக்குப் பின்னால் தள்ளி மறைத்துவிட்டு, தரையில் இருக்கிற கிரீஸைச் சுரண்டுவோம். ஆஸ்பத்திரிக்கு யாராவது வந்தால் கட்டிலில் புது விரிப்பு போடுவார்கள். அது கசங்கக் கூடாது என்று நோயாளிகளை எழுப்பி நிற்க வைப்பார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்?

இரண்டு நாள் வேலை நடந்தது. பெண்கள் முள்ளை வெட்டினார்கள். எங்கள் தெரு சலூன்காரன் ஒரு பட்டாளத்தைக் கூட்டி வந்து கல் பொறுக்கினான். சுண்ணாம்பில் கோடு போட்டோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு ஏக்கரையும் தென்னந்துடைப்பத்தால் பெருக்கி முடித்தபோது, எனக்கே அது எங்கள் மைதானம்தானா என்று சந்தேகம் வந்தது. அவள் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

"ஏங்க, நாளைக்கு ஆபீசர் பாக்கற வரைக்கும் ஒரு கால் உள்ள படக்கூடாது. பாடுபட்டுப் பெருக்கியிருக்கோம். நீங்க வாசல்ல நிக்கணும்."

அரை நாள் லீவு போட்டு நின்றேன். நின்றேன் என்றால் சும்மா இல்லை. பந்தோடு வந்த பையன்களை விரட்டினேன். நடக்க வந்த பெண்களிடம், "இன்னிக்கு ஒருநாள் தெருவுல நடங்கம்மா" என்றேன். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வாக்கிங் குச்சியோடு வந்தார். "சார், ஆபீசர் பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் விடிய விடிய நடங்க" என்று அவரையும் திருப்பி அனுப்பினேன். ஒரு காக்காய் வந்து உட்கார்ந்தது. அதையும் விடவில்லை.

ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனுஷர். மைதானத்தின் நடுவில் போய் நின்று நாலா பக்கமும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்களே" என்றார்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"தினமும் இப்படித்தான் இருக்குமா?"

என் நாக்கில் சனி உட்கார்ந்த நேரம் அது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "தினமும் இப்படியேதான் சார்! எப்ப வந்து பாத்தாலும் இப்படித்தான் இருக்கும்." அவர் குறித்துக்கொண்டு கிளம்பினார். ஜீப் திரும்பியதும் வெளியே காத்திருந்த பையன்கள் ஹோவென்று உள்ளே ஓடினார்கள். நாங்கள் இருவரும் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு நடந்தோம்.

பத்து நாளில் ரிப்போர்ட்டின் நகல் வந்தது. அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். "விளையாட்டு நேரமான மாலை ஐந்து மணியளவில் ஆய்வு செய்ததில் அவ்விடத்தில் ஒருவரும் காணப்படவில்லை. தரையில் காலடித் தடங்களும் இல்லை. எந்நாளும் இதே நிலைதான் என்று உள்ளூர்வாசி ஒருவர் உறுதிப்படுத்தினார். எனவே இது பயன்பாட்டில் இல்லாத இடம்." உள்ளூர்வாசி என்ற இடத்தில் நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் டம்ளரை எடுத்து, அதில் இல்லாத தண்ணீரைக் குடித்தேன்.

கன்னாபின்னாவென்று திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "உங்களை வாசல்ல நிக்க வச்சது நான்தானே" என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்று வருஷம் காலி நாற்காலிகளிடம் பேசியவளின் வாயில் நான் ஒரே வாக்கியத்தில் மண்ணைப் போட்டுவிட்டேன். மறுநாள் டிப்போவில் ஒரு நட்டை நாலு தடவை தப்பாக முறுக்கினேன்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குவோம்" என்று அவளிடம் சொன்னேன்.

"கையெழுத்தை யாரு வேணா வாங்கலாங்க. சிமெண்ட்காரர் நம்மள விட நாலு பக்கம் அதிகமா கொண்டுவருவாரு."

அந்த வாரமே வழி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வெல்டரின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, வழக்கம் போல நோட்டில் 'மைதானத்தில் பள்ளத்தில் கால் வைத்தது' என்று எழுதியிருக்கிறாள். எழுதின கை அப்படியே நின்றுவிட்டதாம். பழைய பக்கங்களைப் புரட்டினாள். மைதானம், மைதானம், மைதானம். நாலு வருஷ நோட்டும் அலமாரியில் இருந்தன. டாக்டரிடம் போய் நின்றாள். ஒருத்தர் பெயரும் வெளியே போகக்கூடாது, வயசும் வேலையும் காயமும் மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்றார் அவர். ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் படிக்கப் படிக்க நான் எழுதினேன். ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு வரி வந்தது.

"ஐம்பத்து மூணு வயசு, பஸ் மெக்கானிக், வலது முட்டி" என்று படித்தாள் ஒரு நாள்.

"இது எழுதியே ஆகணுமா?"

"மொத்தம் ஏழு தடவை இருக்கு. எழுதுங்க."

ரிப்போர்ட் விவாதத்துக்கு வந்த கூட்டத்தன்று நான் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்பு, அவள் பேசப்போவதைக் கேள்விப்பட்டு, நகராட்சித் தலைவர் வராந்தாவில் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. எதற்கும் வம்பு வேண்டாம் என்று நினைக்கிற ரகம்.

"அக்கா, ஆளுங்கள நீங்களே விரட்டினீங்கன்னு சொன்னா அது மினிட்ஸ்ல ஏறிடும். அடுத்த வருஷம் தேர்தல். ஆபீசரை ஏமாத்தினவங்கன்னு போஸ்டர் அடிச்சு ஒட்டுவாங்க. இதை விட்ருங்க. வேற இடம் பாத்துக்கலாம்."

"வேற இடம் எங்க இருக்கு தலைவரே?"

"அதான் தெரியல" என்றார்.

அவள் பேச எழுந்தபோது வழக்கம் போல நாலைந்து பேர் டீக்கு நகர்ந்தார்கள். "ரிப்போர்ட் தப்பு. தப்பு ஆபீசர் மேல இல்ல, என் மேல" என்று ஆரம்பித்ததும் நகர்ந்தவர்கள் நின்றார்கள். "அன்னிக்கு ஆளு வரலைன்னு எழுதியிருக்காரு. வந்தாங்க. நான்தான் விரட்டச் சொன்னேன். எங்க வீட்டுக்காரரை வாசல்ல நிறுத்தி விரட்டினேன். பெருக்கி வச்சதைக் காட்டணும்னு நெனச்சேனே தவிர, ஆளைக் காட்டணும்னு தோணல. மடத்தனம் பண்ணிட்டேன். எழுதிக்கோங்க தம்பி." கிளார்க் எழுதினான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ள இடம் இருந்தால் புகுந்திருப்பேன்.

பிறகு அவள் பட்டியலைப் படித்தாள். பதினாறு வயசு, மாணவன், நெற்றி. நாற்பது வயசு, தையல்காரி, பாதத்தில் முள். முப்பத்தொன்று, வெல்டர், கணுக்கால். பஸ் மெக்கானிக் முட்டி வந்தபோது சபையே சிரித்தது. இரண்டு பக்கம் போவதற்குள் சிமெண்ட்காரர் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நாலு வருஷத்துல ஆயிரத்து முந்நூறு பேருக்கு அடிபட்ட இடம்! இதை உடனே மூடணும்னு அக்காவே ஆதாரம் கொண்டுவந்து கொடுத்துட்டாங்க. ரொம்ப நன்றி!"

நாலு பக்கமிருந்தும் மேஜை தட்டும் சத்தம். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர்கள் தட்டி முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"ஆயிரத்து முந்நூறு பேர் இல்லைங்க. ஆயிரத்து முந்நூறு காயம். ஆளு நானூத்திப் பத்து பேருதான். அத்தனை பேரும் காயம் ஆறினதும் மறுபடி அங்கதான் போயிருக்காங்க, மறுபடி விழுந்திருக்காங்க. எங்க வீட்டுல இருக்கறவரையே ஏழு தடவை திட்டினேன், எட்டாவது தடவையும் போனாரு. போக வேற இடம் இருந்தா இந்தக் கல்லுலயும் பள்ளத்துலயும் எவனாவது போய் விழுவானா?" தண்ணீர் குடித்தாள். "இன்னொண்ணும் அதே நோட்டுல இருக்கு. மழை மாசத்துல மைதானத்துல தண்ணி நிக்கும், யாரும் விளையாட முடியாது. அந்த மாசங்கள்ல குடிச்சிட்டு மண்டைய உடைச்சுக்கிட்டு வர்றவங்க ரெண்டு மடங்கு. நாலு வருஷமும் அப்படித்தான். முட்டி பேந்தவனுக்கு நான் சிரிச்சுக்கிட்டே கட்டுப் போடுவேன். பாட்டில்ல குத்து வாங்கின பிள்ளைங்களுக்குப் போட எனக்கு இனிமே தெம்பு இல்லைங்க."

டீக்குப் போக எழுந்து நின்றவர்களில் ஒருவர் முதலில் கை தூக்கினார். மைதானம் மைதானமாகவே இருக்க வேண்டும் என்று ஒன்பது பேர், கூடாது என்று ஏழு பேர். நான் பெஞ்சில் எழுந்து நின்று கை தட்டினேன். காவலாளி வந்து உட்காரச் சொன்னான்.

அதற்கப்புறம் எட்டு மாசம் இழுத்தடித்தார்கள். ஆனாலும் நடந்தது. தரை சமனாயிற்று, குழாய் வந்தது, கழிப்பறை வந்தது, பெஞ்சு வந்தது. ஆறு விளக்கில் நாலு எரிந்தது. மதில் சுவரில் உட்கார்ந்திருந்த பையன்களில் பாதிப் பேர் இறங்கி வந்தார்கள். மீதிப் பேர் வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். போஸ்டரும் வந்தது. 'அதிகாரியை ஏமாற்றியதைத் தானே ஒப்புக்கொண்ட கவுன்சிலர்' என்று அவள் படத்தோடு எங்கள் தெரு முழுக்க ஒட்டினார்கள். நான் கிழிக்கப் போனேன். "விடுங்க, உண்மையைத்தானே போட்டிருக்காங்க. போட்டோகூட நல்லா இருக்கு" என்றாள்.

தேர்தல் நாள் ஊருக்கே விடுமுறை. விடுமுறை கிடைத்தால் சும்மா இருப்பார்களா? சலூன்காரன் பதினாறு அணி சேர்த்துப் பந்தயம் வைத்துவிட்டான். பதினொரு மணிக்கு நான் மைதானத்தை எட்டிப் பார்த்துவிட்டு வாக்குச்சாவடிக்கு வெளியே நின்ற அவளிடம் ஓடினேன்.

"அத்தனையும் நம்ம ஆளுங்க. ஒருத்தனும் ஓட்டுப் போடல. போய் இழுத்துட்டு வரவா?"

"அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கே. ஆடி முடிச்சிட்டு வருவாங்க. நடுவுல கலைக்காதீங்க."

ஐந்து மணிக்குக் கடைசி ஆட்டம் சமனில் நின்று, கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்து மூன்று ஓட்டில் தோற்றாள். ஜெயித்தது சிமெண்ட்காரரின் மச்சான். எனக்குக் கண்மண் தெரியாத கோபம். நேராக சலூனுக்குப் போய், கத்தியும் கையுமாக நின்றவனிடம் ஊர் கேட்கக் கத்தினேன். அவன் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, அக்கா எப்படியும் ஜெயிச்சிடுவாங்கன்னுதாண்ணே எல்லாரும் நெனச்சோம்" என்றான். அவனை என்ன செய்ய? திரும்பி வந்து அவளிடம் சொன்னேன்.

அவள் கேட்டாள். "அன்னிக்கு கிரவுண்டுல எத்தனை பேர் இருந்தாங்க?"

"ஆடினவங்க, பாத்தவங்க எல்லாம் சேத்து முந்நூறுக்குக் குறையாது."

"உச்சி வெயில்லயுமா?"

"உச்சி வெயில்லயும்தான்."

அழுதாள். ரிப்போர்ட் வந்தபோது அழாதவள், போஸ்டருக்கு அழாதவள், முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "தோத்தது வலிக்குதுங்க. ரொம்ப வலிக்குது. ஆனா அவங்க மேல கோபப்படணும்னு பாக்கறேன், வர மாட்டேங்குது" என்றாள். அழாதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

புதுக் கவுன்சிலர் பதவியேற்ற மறுவாரம், ஆஸ்பத்திரி முடிந்ததும் அவள் ஒரு மனு எழுதினாள். மைதானத்தில் எரியாத இரண்டு விளக்கைப் பற்றி. நானும் கூடப் போனேன். கவுன்சிலர் வீட்டு வாசலில் இருபது பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். "நீங்க போய் இதுல நிக்கறதாக்கா? உள்ள போங்க" என்று ஒருவர் வழி விட்டார். "நானும் இந்த வார்டுக்காரிதானேப்பா" என்று சொல்லிவிட்டு அவள் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றாள். அவள் முறை வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.